ஆற்றில் நிற்க ஒரு கால்சட்டை

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். எனக்கோ உனக்கோ பிடிக்காதது நடந்தாலும் அதை விட்டுவிடமாட்டேன். போனில் பேசினால் அம்மா அடுத்த அறையில் இருப்பாள், நமக்கு இருப்பதே இரண்டு அறை, ஆகவே கடிதம்தான் நல்லது என்று நீ சொன்னது சரி.

முதலில் அம்மாவைப் பற்றி. அப்பா தவறிப்போனதிலிருந்து அவள் கால் சும்மா இருப்பதில்லை என்று உனக்குத் தெரியும். இப்போது அது அதிகமாகிவிட்டது. சாப்பிடும்போதும் மேஜைக்கு அடியில் தையல் மிதியை மிதிக்கிற மாதிரி வலது கால் ஆடிக்கொண்டே இருக்கிறது. ஜன்னலைத் திறக்கிறாள், மூடுகிறாள், மறுபடியும் திறக்கிறாள். "ஒரு இடத்துல உட்காரேன்மா" என்றால், "உட்கார்ந்து என்ன பண்றது?" என்கிறாள். நானும் ஒரே பக்கத்தை நாலு தடவை படித்துவிட்டு எழுந்துவிடுகிறேன். நம் வீட்டு நாற்காலிகளுக்கு இப்போது நல்ல ஓய்வு.

அடுத்து அந்த மனிதர். நம் வீட்டுக்குக் கீழே அம்மா தையல் வேலை செய்யும் சலவைக் கடைக்கு எதிரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்று அம்மா கண்ணைக் காட்டப் போனாள். பெரிய இரும்புக் கண்ணாடியை மூக்கில் மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். கால் ஆடியதில் அம்மாவின் தலையும் ஆடியிருக்கிறது. அவர் வேலையை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் தான் ஆற்றுக்குள் இறங்கி நின்று தூண்டில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். மீன் கிடைக்குமா என்று அம்மா கேட்டாளாம்.

"பெரும்பாலும் கிடைக்காது."

"அப்புறம் எதுக்கு?"

"நிக்கறதுக்கு."

இதை அம்மா எனக்கு மூன்று முறை சொல்லிவிட்டாள். மனைவி இறந்து பல வருடமாயிற்று, பிள்ளைகள் இல்லை, கடைக்கு மேலே உள்ள அறையில் தனியாக இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டதும், அம்மா உடனே பதில் சொல்லாததும், "பெரியவ சரின்னு சொல்லாம நான் எதுவும் செய்யமாட்டேன்" என்றதும் உனக்கே தெரியும். நீ என் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் சொல்வேன் என்கிறாய். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒருத்தியின் தலையில் இந்த மூட்டை கொஞ்சம் கனம்தான். ஆனாலும் இறக்கி வைக்கமாட்டேன்.

வரும் சனிக்கிழமை அம்மாவுக்கு ஆற்றில் இறங்கும் உடுப்பு வாங்கப் போகிறார்கள். வேடர்ஸ் என்று பெயர். நான் நூலகத்தில் புத்தகம் எடுத்துப் பார்த்துவிட்டேன். மார்பு வரை ஏறும், தோளில் பட்டியால் தொங்கும், பாதமும் சேர்ந்தே இருக்கும் ரப்பர் பூசிய கால்சட்டை அது. போட்டால் யானைக்குட்டி மாதிரி இருக்கும். நானும் போகவா?

உன் அன்புத் தங்கை

பி.கு: அவரை என்னவென்று கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இதுவரை கூப்பிடாமலே சமாளித்துவிட்டேன்.


மார்ச் 13

அன்புள்ள புழுவுக்கு,

புத்தகப்புழு என்று முழுதாக எழுத நேரமில்லை. வார்டில் இரண்டு பேர் லீவு. நான்தான் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஓடுவது நல்லதுதான், அறைக்கு வந்தால் தூக்கம் வருவதில்லை.

ஆற்றில் நிற்க ஒரு ஆள் துணை வேண்டுமா? அம்மாவுக்கு நீச்சல் தெரியாது. சின்ன வயதில் என்னைக் குளத்துப் பக்கமே விடமாட்டாள். இப்போது அவளே மார்பு வரை ரப்பர் மாட்டிக்கொண்டு இறங்குகிறாளா? ஒரு மனிதர் இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசியதும் தண்ணீர் ஆழம் குறைந்துவிட்டதா?

கண்டிப்பாகப் போ. நிழல் மாதிரி கூடவே நில். அம்மாவை எதற்கு அவர் வற்புறுத்துகிறார், எந்த இடத்தில் தன் இஷ்டத்தைத் திணிக்கிறார் என்று பார். மனிதர்கள் கடையில்தான் தெரிவார்கள். வீட்டுக்கு வரும்போது எல்லாரும் நல்லவர்கள்தான்.

சரியாகச் சாப்பிடு. கண்ணைச் சுருக்கிப் படிக்காதே, அதையே சாக்கு வைத்து அவர் உனக்கும் கண்ணாடி போட்டுவிடுவார்.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்காவுக்கு,

போய் வந்தோம். நிழல் மாதிரித்தான் நின்றேன். கடைக்காரம்மாவே, "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, உன்னையும் சேர்த்து அளந்துடப் போறேன்" என்றார்.

கடை நீளமாக, இருட்டாக இருந்தது. கூரையிலிருந்து தூண்டில் கோல்கள் தொங்கின. கடைசிச் சுவரில் வேடர்ஸ்கள், ஆள் இல்லாமல் கால்கள் மட்டும் வரிசையில் நிற்பது போல. அம்மா அவற்றைப் பார்த்ததும் அவளுடைய தொழில் புத்தி வந்துவிட்டது. ஒன்றை இறக்கி, உள்பக்கம் வெளியே திருப்பி, விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "இதுல தையலே காணோமே, ஒட்டியிருக்காங்க. ஒட்டினது எத்தனை நாளைக்கு?" என்றாள். தையல் மேல் நாடா ஒட்டியிருக்கிறது, அதனால்தான் தண்ணீர் வராது என்று கடைக்காரம்மா சொன்னார். அம்மா நம்பவில்லை. அவள் முகத்தை உனக்குத் தெரியும்.

அவர் என்ன செய்தார் என்று எழுதுகிறேன். கண் பரிசோதிப்பது போலவேதான் செய்தார். தொடை வரை மட்டும் வருவது ஒன்று, மார்பு வரை வருவது ஒன்று. அம்மா இரண்டையும் போட்டுப் பார்த்தாள். எது நல்லது என்று அவர் சொல்லவில்லை. ஒரு முக்காலியைக் காட்டி, அதில் ஒரு காலைத் தூக்கி வைக்கச் சொன்னார். குந்தி எழுந்திருக்கச் சொன்னார். முழங்காலிட்டு, கீழே விழுந்த ஊசியை எடுப்பது போல எடுக்கச் சொன்னார். பிறகு, "இதுவா, முன்னாடி போட்டதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா இன்னொண்ணு பார்க்கலாம். அவசரமில்லை."

அடுத்து, பூட்ஸும் சேர்ந்தே ஒட்டியிருப்பதா, உள்ளே மெத்தென்ற உறை மட்டும் இருந்து மேலே தனி பூட்ஸ் போடுவதா? அந்தத் தனி பூட்ஸின் அடி வெறும் ரப்பரா, கம்பளம் போன்றதா? பாசி பிடித்த கல்லில் கம்பள அடி வழுக்காது என்று என் புத்தகத்தில் இருந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்து, உதட்டில் விரலை வைத்தார். சொல்லாதே, அவங்களே கண்டுபிடிக்கட்டும் என்கிற மாதிரி. கடைக்காரம்மா ஈரக் கல் ஒன்றைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். அம்மா இரண்டு அடியையும் அதில் தேய்த்துப் பார்த்துக் கம்பளத்தையே எடுத்தாள். தடித்த காலுறை போடவேண்டும், ஆகவே பூட்ஸ் ஒரு அளவு பெரிதாக.

இதற்குள் அம்மா ஏறி இறங்கி வேர்த்துப் போனாள். அவர் நிதானமாக நின்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைக்காரம்மா பென்சிலால் தலையைச் சொறிந்தபடி, "ஐயா, நீங்க மீன் பிடிக்க வந்தீங்களா, பொண்ணு பார்க்க வந்தீங்களா?" என்றார். அம்மாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன். அவருடைய காதும்.

ஒன்றே ஒன்றைத்தான் அவர் கேட்கவில்லை. இடுப்பில் கட்டும் பட்டை. "இதுல மட்டும் இதுவா அதுவா கிடையாது" என்று சொல்லித் தானே எடுத்து வைத்தார். விழுந்தால் மேல் வழியாகத் தண்ணீர் கால்களுக்குள் இறங்காமல் அந்தப் பட்டைதான் தடுக்குமாம். நீ கேட்ட 'திணித்த இடம்' இது ஒன்றுதான்.

இப்போது உனக்குப் பிடிக்காத பகுதி. அம்மா ஒரு பையில் அப்பாவின் பூட்ஸைக் கொண்டுவந்திருந்தாள். குழாய் பழுதுபார்க்கப் போகும்போது போடுவாரே, அந்தக் கறுப்பு முழங்கால் பூட்ஸ்தான். "இதுவே போதாதா?" என்று எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கி, உள்ளே கையை விட்டுப் பார்த்தார். யார் பூட்ஸ் என்று கேட்கவில்லை. "நல்ல பூட்ஸ். குழிக்குள்ள நின்னு வேலை செய்ய இதைவிட நல்லது கிடைக்காது. ஆனா ஆறு வேற. மேல வழியா தண்ணி போச்சுன்னா வெளிய வராது, காலே குடமாயிடும்" என்றார். திரும்ப இரண்டு கையாலும் கொடுத்தார்.

வரும் வழியில் அம்மா பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கால் மட்டும் ஆடியது.

உன் அன்புத் தங்கை


மார்ச் 22

புழு,

அப்பாவின் பூட்ஸைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக அம்மாவுக்கு எப்படி மனசு வந்தது? அது பரண் மேல் இருந்தது. நான்தான் காகிதம் சுற்றி வைத்தேன். மழைக்காலத்தில் படியில் அந்த பூட்ஸ் சத்தம் கேட்டால்தான் அம்மா அடுப்பைப் பற்ற வைப்பாள், உனக்கு நினைவிருக்காது. அதற்குள் ஒரு வெளியாள் கையை விட்டுப் பார்த்திருக்கிறார். நீ பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறாய்.

இரண்டு கையால் கொடுத்தாராம். கொடுக்காமல் வைத்துக்கொள்வாரா என்ன?

நீ அவர் பக்கம் சாய்கிறாய். உன் எழுத்திலேயே தெரிகிறது. அவர் பேசுவதை மட்டும் அழகாக எழுதுகிறாய். எனக்கு அவர் தப்பு ஒன்றாவது வேண்டும். தப்பே இல்லாத மனிதரை நான் எப்படி நம்புவது?

அந்த பூட்ஸை யாருக்கும் கொடுக்கவேண்டாம் என்று சொல். நான் சொன்னதாகவே சொல்.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதவில்லை. நான் சாய்கிறேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை. அவர் வீட்டுக்கு வந்தால் எனக்கு எந்த நாற்காலி என்ற யோசனை இருக்கிறது. இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் மூன்றாவது ஆள் மூட்டைதானே? இதுவும் உண்மை, ஆகவே எழுதிவிட்டேன்.

பூட்ஸ் பற்றி அம்மாவிடம் கேட்டேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்: "குடுக்கறதுக்கா எடுத்துட்டுப் போனேன்? அதைப் போட்டுக்கிட்டு இறங்கினா கொஞ்சம் தைரியமா இருக்கும்னு நினைச்சேன்." அவ்வளவுதான். பிறகு கழுவின தட்டையே மறுபடி கழுவினாள்.

இன்னொரு செய்தி. வேடர்ஸ் அம்மாவுக்குத் தொளதொளவென்று இருக்கிறது. இடுப்பிலும் தொடையிலும் மடிப்பு மடிப்பாக விழுகிறது. கடையிலேயே அவள் அதைச் சொன்னாள். அந்த இடம் இருந்தால்தான் காலைத் தூக்க முடியும், அப்படியே இருக்கட்டும் என்று அவர் சொன்னார். ஆனால் அம்மாவால் முடியுமா? ஊரில் உள்ளவர்கள் கால்சட்டையையெல்லாம் அளவாகப் பிடித்துத் தைத்துக் கொடுக்கிறவள், தான் மட்டும் சாக்கு மாதிரி போய் நிற்பாளா? நேற்று அதை மெஷினில் போட்டு, இரண்டு தொடையிலும் பக்கவாட்டில் அழகாகப் பிடித்துவிட்டாள். ரப்பர் துணி நகரவில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தாள். நான்தான் நூல் கோர்த்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தாள். உண்மையிலேயே நன்றாக இருந்தது, யானைக்குட்டி போய்விட்டது. கண்ணாடிக்கு முன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அவர்கிட்ட சொல்லாதே, பார்த்து அசந்துபோகட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போகிறோம்.

உன் அன்புத் தங்கை


ஏப்ரல் 1

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று என்ன நாள் என்று பார்த்துவிட்டு விளையாட்டு என்று நினைக்காதே. எல்லாம் நடந்தது. முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா நன்றாக இருக்கிறாள். நீ நர்ஸ், கடைசி வரியை முதலில் தேடுவாய்.

ஆறு அகலம், ஆனால் நாங்கள் போன இடத்தில் தொடை ஆழம்தான். கூழாங்கல் தெரிகிற தண்ணீர். தெரிகிறது என்று எழுதினேன், ஆனால் மேலே வெளிச்சம் பட்டுப் பளபளத்து முதலில் ஒன்றும் தெரியவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். பளபளப்பை வடிகட்டுகிற கறுப்பு வில்லை, அம்மாவின் பார்வைக்கு ஏற்ற பவரோடு அவரே செய்தது. அதற்கும் இதுவா அதுவா என்று கேட்கவில்லை. அம்மா மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். "கல்லு தெரியுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாக் கல்லும் தெரியுது" என்றாள்.

நான் அப்பாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு போயிருந்தேன். நீ யாருக்கும் கொடுக்கவேண்டாம் என்றாய், போடவேண்டாம் என்று சொல்லவில்லை. நாலு காலுறை அடைத்தும் உள்ளே நீந்தியது. அவர் பார்த்துவிட்டு, "கணுக்கால் ஆழத்துக்கு இந்த பூட்ஸ்தான் ராஜா. அதுக்கு மேல வேணாம்" என்றார். நான் கணுக்கால் ஆழத்தில் நின்றேன். கீழே கல் அசைவது அடி வழியாகத் தெரிந்தது.

அம்மா ஊன்றுகோலோடு இறங்கினாள். பாதத்தைத் தூக்காமல் உரசியபடி வைக்கவேண்டும், நீரோட்டத்துக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்கவேண்டும், ஒரு கால் ஊன்றிய பிறகே அடுத்த கால். அவர் அவளுக்குக் கீழ்ப்பக்கம், தண்ணீர் போகிற திசையில் நின்றார். ஏன் என்று கேட்டேன். கேட்பதற்காக இருமினேன், ஏனென்றால் கூப்பிட வார்த்தை இல்லை. அவர் திரும்பினார். "மேல் பக்கம் நின்னா மீன் நமக்கு. கீழ்ப் பக்கம் நின்னா ஆள் நமக்கு" என்றார்.

அம்மா தூண்டிலை வீசினாள். முதல் வீச்சு அவர் தொப்பியில் போய் மாட்டியது. அவர் அதைக் கழற்றிக் கொடுத்து, "பெரிய மீனாப் பிடிச்சுட்டீங்க" என்றார். பிறகு இருவரும் நின்றார்கள். தண்ணீர் தெளிவாக இருந்ததால் அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா, அது ஆடவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், ஆடவேயில்லை.

ஆனால் நெடுநேரம் ஆனதும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. இடது தொடை மட்டும் உப்பிக்கொண்டு வந்தது. ஊசி போன வழியெல்லாம் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அதை வெளியில் சொல்ல அவளுக்குக் கௌரவம் இடம் தரவில்லை. கரைக்குத் திரும்பலாம் என்று ஒரு கல் மேல் காலைத் தூக்கினாள். பிடித்துத் தைத்த இடம் முழங்காலை மடங்க விடவில்லை. அப்படியே பின்னால் உட்கார்ந்தாள், தண்ணீருக்குள். கழுத்து வரை முங்கினாள்.

இங்கே நான் உண்மை எழுதவேண்டும். அவள் விழுந்தபோது எனக்கு முதலில் பயம் வரவில்லை. 'அக்கா கேட்டது கிடைத்துவிட்டது' என்றுதான் முதலில் வந்தது. அப்புறம்தான் பயம். நடுவில் ஒரு நொடி இருந்தது.

அவர் ஓடவில்லை. ஓடினால் அவரும் விழுவார். உரசி உரசியே வந்தார், ஆனால் முகம் வெளுத்துவிட்டது. "கோலை நீட்டுங்க. பட்டை இருக்கு, ஒண்ணும் ஆகாது, கோலை நீட்டுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா நீட்டினாள். அவர் மறுமுனையைப் பிடித்தார். இடுப்புப் பட்டைக்கு மேலே தேங்கிய தண்ணீர் கீழே இறங்கவில்லை. அவள் எழுந்துவிட்டாள்.

கரையில் வேடர்ஸைக் கழற்றிக் கவிழ்த்தோம். இடது காலிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது. அப்போதுதான் அவர் தையலைப் பார்த்தார். விரலால் தடவிக்கொண்டே போனார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டாள்.

"நல்ல தையல்" என்றார் அவர்.

அம்மா சிரித்தாள். நனைந்த தலையோடு, பல் கிட்டிக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தாள். அவரும் சிரிக்கத் தொடங்கிவிட்டு, திடீரென்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "கிளம்பறதுக்கு முன்னாடி நான் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கணும். கடையில பார்த்தோமேன்னு விட்டுட்டேன். தப்பு என்னுது" என்றார்.

நீ ஒரு தப்புக் கேட்டாய். இதோ இருக்கிறது. மறைக்காமல் எழுதிவிட்டேன்.

அக்கா, அவர் நம் வீட்டுக்கு வருவதா, வராமல் இருப்பதா? இதுவா, முன்னாடி இருந்ததா? அவசரமில்லை.

உன் அன்புத் தங்கை


ஏப்ரல் 15

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமில்லை என்று எழுதினேன். அது மட்டும் பொய்.

உன் கடிதம் வரவில்லை. போனிலும் வார்டில் வேலை என்று வைத்துவிடுகிறாய். அம்மா தபால்காரரைப் பார்ப்பதில்லை, ஆனால் அவர் வருகிற நேரத்தில் ஜன்னலைத் திறக்கிறாள். வேடர்ஸ் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. கண்ணாடிக் கடைக்காரர் அதை ஒட்டிச் சரிசெய்யலாம் என்கிறார். "பெரியவ என்ன சொல்றான்னு பார்ப்போம், அப்புறம் ஒட்டிக்கலாம்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

கால் மறுபடியும் ஆடுகிறது. நேற்று சாப்பிடும்போது தண்ணீர் டம்ளர் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்துவிட்டது. நான் பிடித்து உள்ளே தள்ளி வைத்தேன்.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

புழு

(ஆமாம், நானே எழுதிவிட்டேன். அவ்வளவு வீழ்ச்சி.)


ஏப்ரல் 19

அன்புள்ள புழு,

திட்டித்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு முறை எழுதிக் கிழித்தேன். அம்மா விழுந்ததைப் படித்த அன்று எனக்கு டியூட்டியில் கை ஓடவில்லை. அந்த மனிதரை நேரில் பார்த்தால் என்னென்ன கேட்பது என்று நடந்துகொண்டே யோசித்தேன். எவ்வளவு நடந்தாலும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றது. கால் ஆடவில்லை என்று எழுதியிருந்தாயே, அங்கே.

உனக்கு ஒன்று சொல்கிறேன். அம்மாவுக்கு மட்டும் இல்லை. எனக்கும் ஆடுகிறது. சாப்பாட்டு அறையில் எதிரில் உட்காருகிற பெண் மேஜை நடுங்குகிறது என்று இடம் மாறிவிட்டாள்.

நீ பயப்படாத அந்த ஒரு நொடியைப் பற்றி: அது உன்னுடையது இல்லை, என்னுடையது. நான்தான் உன் கையில் கொடுத்து அனுப்பினேன். நீ வைத்துக்கொள்ளாதே.

மே மாதம் முதல் வாரம் லீவு கேட்டிருக்கிறேன். அப்பா பூட்ஸை நீயே போட்டுக்கொள், உனக்குக் கால் வளர்கிறது. எனக்குக் கணுக்கால் ஆழம் போதாது. என் அளவு ஏழு, பாதம் அகலம், தடித்த காலுறை போடுவேன். கம்பள அடிதான் வேண்டும். பட்டை வேண்டும். அம்மா ஊசியோடு பக்கத்தில் வரக்கூடாது என்று அவரிடம் சொல்லிவிடு.

அவரை நான் என்னவென்று கூப்பிடவேண்டும்?

அக்கா


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

இருமினால் போதும். அவர் திரும்பிவிடுவார். எனக்கு இன்னும் அதுதான் நடக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உன் கடிதத்தை நான் அம்மாவுக்கு வாசித்தேன், முழுவதும் இல்லை. காலைப் பற்றி நீ எழுதியதை விட்டுவிட்டேன், அதை நீயே வந்து சொல். அளவு ஏழு என்ற இடம் வந்ததும் அம்மா, "ஏழா? போன தடவை ஆறரைதானே?" என்றாள். பிறகு எழுந்து முகம் கழுவப் போனாள். நெடுநேரம் கழுவினாள். வந்து, ஜன்னலைத் திறந்து, எதிர் வரிசையில் கண்ணாடிக் கடையைப் பூட்டிக்கொண்டிருந்தவரைப் பெயர் சொல்லாமல், "கொஞ்சம் மேல வாங்க, ஒட்டற பசையையும் எடுத்துக்கிட்டு" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டாள். ஜன்னலை மூடவில்லை. அது இப்போதும் திறந்துதான் இருக்கிறது.

அவர் வந்துவிட்டார். எந்த நாற்காலியில் உட்காருவார் என்று பார்த்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டார். அம்மா தையலைப் பிரித்துவிட்டாள், பிரிக்கும்போது அவளுக்கு வலித்தது தெரிந்தது. நூல் போய்விட்டது, துளைகள்தான் இருக்கின்றன. பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாத துளைகள். வேடர்ஸுக்குள் டார்ச்சை விட்டு, அறையை இருட்டாக்கினால் ஒவ்வொன்றும் புள்ளியாகத் தெரியுமாம். தெரிகிற இடத்தில் எல்லாம் ஒரு சொட்டுப் பசை. அம்மா வேடர்ஸின் காலை விரித்துப் பிடிக்கவேண்டும், அவர் பசை வைக்கவேண்டும், நான் டார்ச். மூன்று பேர் வேண்டும் இந்த வேலைக்கு. இரண்டு பேரால் முடியாது, நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

அம்மா எழுத்தை நிறுத்தச் சொல்கிறாள். "என்னத்தடி அவ்வளவு எழுதற, வந்து பிடி" என்கிறாள். அவள் வலது கால் பக்கம் பார்த்தேன். வேடர்ஸுக்கு அடியில் இருக்கிறது, தெரியவில்லை. ஆகவே அதைப் பற்றி எதுவும் எழுதமாட்டேன்.

டார்ச்சை உள்ளே விட்டாயிற்று. அவர் சுவிட்ச் பக்கம் நின்று, "அணைக்கலாமா?" என்று என்னைத்தான் கேட்டார். கடைசி வரியை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னி. விளக்கை அணைத்துவிட்டார்கள்.